அடுத்த பட்ஜெட்டுக்காகப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: மலேசியாவில் பினாங்கு, பிறையில் வசிக்கிறோம். எனக்கு வயது 33. பாலத்துக்கு அப்பால், தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. சம்பளம் 3,800 ரிங்கிட். கணவருக்கு 5,500. நான்கு வயது மகன் தனியார் பாலர் பள்ளிக்குப் போகிறான். சென்ற மாதம் கோயில் விருந்தில் பேசிய மக்கள் பிரதிநிதி ஒருவர், நம்மவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, வீட்டுக்கு மூன்று பிள்ளைகளாவது வேண்டும் என்றார். அன்றிலிருந்து மாமியார், வேலையை விட்டுவிட்டு இரண்டாவது பிள்ளையைப் பெற்றுக்கொள், பராமரிப்புச் செலவாவது மிஞ்சும் என்கிறார். கணவரோ, அரசாங்கமே பிறப்பு விகிதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது, அடுத்த பட்ஜெட்டில் உதவி கூடும், பொறுத்திருப்போம் என்கிறார். கைக்குழந்தைக்குப் பராமரிப்பு மையத்தில் மாதம் 650 ரிங்கிட் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டாவது பிள்ளை வேண்டுமா என்பது நீங்களும் உங்கள் கணவரும் முடிவு செய்ய வேண்டியது, அதில் எனக்கோ மேடையில் பேசியவருக்கோ இடமில்லை. ஆனால் உங்கள் கணவரும் மாமியாரும் சொல்வது பணக்கணக்கு என்பதால், அதைத் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் கணவரின் கணக்கு. இந்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1970இல் 4.9 ஆக இருந்து 2022இல் 1.6 ஆக இறங்கியிருக்கிறது. மக்கள்தொகை குறையாமல் இருக்க வேண்டிய அளவு 2.1. ஆகவே கவலை உண்மையானதுதான். ஆனால் அரசியல்வாதியின் கவலை உங்கள் கைக்குப் பணமாக வந்து சேருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்த காலத்தில், 1984இல், 2100ஆம் ஆண்டுக்குள் 7 கோடி மக்கள் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு ஏட்டில் இருந்தது, பிறப்பு விகிதம் தன் போக்கில் இறங்கியது. போலந்து இன்னும் தாராளமாக, 2016 முதல் பிள்ளைகளுக்கு மாதம் 500 ஸ்வோட்டியும் (அந்நாட்டு நாணயம்) 2024 முதல் 800 ஸ்வோட்டியும் கொடுத்து வருகிறது. அங்கே சராசரி இப்போது 1.1 அளவில்தான் நிற்கிறது. ரொக்கம் கொடுப்பதா, பராமரிப்பு மையங்களைக் கட்டுவதா, வேலை நேரத்தைத் தளர்த்துவதா என்ற வாதம் எல்லா நாடுகளிலும் நடக்கிறது. அது முடியும்வரை காத்திருந்தால் உங்களுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிடும்.

இப்போது இருக்கும் சலுகை எவ்வளவு என்று பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் ரஹ்மா ரொக்க உதவிக்குக் குடும்ப வருமானம் 5,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. நீங்கள் இருவரும் சேர்ந்து 9,300 சம்பாதிப்பதால் அது கிடையாது. மீதமிருப்பது வரிக் கழிவு, அதாவது வரி கணக்கிடும்முன் வருமானத்திலிருந்து குறைக்கும் தொகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,000 ரிங்கிட் கழிவு என்று கேட்கும்போது 2,000 ரிங்கிட்டே கையில் வருவதுபோல் பலர் நினைக்கிறார்கள். வழக்கமான கழிவுகளுக்குப் பிறகு உங்கள் கணவரின் வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ 45,000 ஆக இருக்கும். அந்தப் படிநிலையில் வரி 6 விழுக்காடு. அப்படியானால் இரண்டாவது பிள்ளையால் ஆண்டுக்கு மிச்சமாகும் வரி 120 ரிங்கிட். பாலர் பள்ளி, பராமரிப்பு மையக் கட்டணங்களுக்கான 3,000 ரிங்கிட் கழிவு இருக்கிறதே என்பீர்கள். அந்த உச்சவரம்பு பிள்ளைக்கு இவ்வளவு என்பதல்ல, எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் மொத்தமே அவ்வளவுதான்; உங்கள் மகனின் கட்டணத்திலேயே அது தீர்ந்துவிடும். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 7,800 ரிங்கிட் கட்டப்போகும் வீட்டுக்கு 120 ரிங்கிட் கிடைக்கும். அடுத்த பட்ஜெட்டில் இந்தக் கழிவை இரட்டிப்பாக்கினாலும் 240தான்.

இனி மாமியாரின் கணக்கு. இதுதான் இரண்டிலும் ஆபத்தானது. வேலையை விட்டால் 650 ரிங்கிட்டும் பாலத்தைக் கடக்கும் செலவும் மிஞ்சும் என்பது சரி. ஆனால் கையில் வரும் சம்பளம் ஏறத்தாழ 3,380 ரிங்கிட் போய்விடும். அதோடு கண்ணில் படாத ஒன்றும் போகும்: இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிக் கணக்கில் உங்கள் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, ஆக மாதம் 912 ரிங்கிட். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்தால், ஈவுத்தொகையைச் சேர்க்காமலேயே 65,664 ரிங்கிட் உங்கள் முதுமையிலிருந்து கழிகிறது. உங்கள் சம்பள உயர்வுகளை நான் இதில் சேர்க்கவே இல்லை. பிள்ளை வளர்ப்பதில் மிகப் பெரிய செலவு பால்மாவும் டயாப்பரும் அல்ல, தாயின் நின்றுபோன சம்பளமும் இந்தச் சேமநிதிச் சந்தாவும்தான். மேடைப் பேச்சுகளில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏதோ காரணத்தால் நீங்கள் வேலையை விடத்தான் வேண்டும் என்றால், கணவர் தம் இபிஎஃப் சந்தாவில் 2 விழுக்காட்டை உங்கள் கணக்குக்கு மாற்றும் ஐ-சாயாங் திட்டத்தில் முதல் மாதமே பதிந்துகொள்ளுங்கள். அது 110 ரிங்கிட்தான். 912க்கு ஈடாகாது, ஆனாலும் கணக்கு உறங்காமல் இருக்கும்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு அதிகம் பயன்படுவது உதவித்தொகை அல்ல, வேலைச் சட்டம். 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் சம்பளத்துடன் 98 நாள் மகப்பேறு விடுமுறை உண்டு. முன்பு அது 60 நாள்தான். கணவருக்கு 7 நாள் சம்பள விடுமுறை உண்டு. அதற்கு அவர் அதே நிறுவனத்தில் ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத்துக்கு 30 நாள் முன்போ, பிள்ளை பிறந்ததும் இயன்றவரை விரைவிலோ தெரிவிக்கவும் வேண்டும். காலம் கடந்து வாட்ஸ்அப்பில் சொல்லி அதை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்துப்பூர்வமாகக் கேட்கும் உரிமையும் அதே சட்டத் திருத்தத்தில் வந்தது. முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மாலை ஆறரைக்கு மூடும் மையமும், பாலத்தில் நகராத வாகன வரிசையும் இருக்கும் உங்கள் நிலைமையில், ஒரு மணி நேரம் முன்னதாக வேலை முடிவது எந்த ரொக்க உதவியையும்விடப் பெரியது.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பிள்ளை பிறந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, இந்த மாதச் சம்பளத்திலிருந்தே 650 ரிங்கிட்டை மகன் பெயரில் எஸ்எஸ்பிஎன் எனும் கல்விச் சேமிப்புக் கணக்கில் கணவர் போட்டு வரட்டும். ஆறு மாதத்தில் 3,900 ரிங்கிட் சேரும். அந்த ஆண்டுக்குள் எடுக்காமல் இருந்தால் அதற்கும் கழிவு உண்டு, 6 விழுக்காட்டில் 234 ரிங்கிட் வரி குறையும். (பிள்ளை பெற்றால் 120, சேமித்தால் 234 என்ற வேடிக்கையை நிதியமைச்சுதான் விளக்க வேண்டும்.) மூன்றாவது மாதமே அந்தப் பணத்தில் கைவைக்க நேர்ந்தால், காரின் தவணையையும் கடன் அட்டை நிலுவையையும் எழுதி எனக்கு அனுப்புங்கள், முதலில் அவற்றைப் பார்ப்போம்.