ஓடினால் மனச்சோர்வு தீர்ந்துவிடுமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கல்லூரி வரை கபடி ஆடிய உங்கள் தம்பிக்கு மனச்சோர்வு நோய் என்று மனநல மருத்துவர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். உறவினர்களோ "பழையபடி கிரவுண்டுக்கு அனுப்புங்கள், மாத்திரையெல்லாம் எதற்கு" என்கிறார்கள். எதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். இவ்வகை மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் எரிச்சலும் வரக்கூடும், அடங்கியிருந்த நோயும் திரும்பக்கூடும்.

நான் மருத்துவன் அல்லன். மாவட்ட அணிக்கு வாலிபால் ஆடி, முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டு, அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உங்கள் தம்பி இப்போது இருக்கும் நிலையில் கிடந்தவன். விளையாட்டு உளவியலைப் படிக்கத் தொடங்கியதே எனக்கு என்ன நேர்ந்தது என்று புரிந்துகொள்வதற்காகத்தான்.

உறவினர்கள் சொல்வது முழுக்கத் தவறும் அல்ல. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வு நோய் உறுதியான 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள் ஓரிடத்தில் கூடி, மேற்பார்வையில் நடந்தார்கள் அல்லது மெல்லோட்டம் ஓடினார்கள். இன்னொரு பிரிவினர் மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின் மாத்திரை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் பிரிவினர் இரண்டையும் செய்தார்கள். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவிலும் நோய் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தணிந்திருந்தது. ஆனால் தொடக்க வாரங்களில் மாத்திரைப் பிரிவினருக்குத்தான் விரைவாகக் குணம் தெரிந்தது என்பதையும், எந்தச் சிகிச்சையும் பெறாத நான்காவது பிரிவு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க அதில் இல்லை என்பதையும், இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் நிற்கும் ஆய்வு ஒன்றும் உண்டு, அதைத்தான் உங்கள் உறவினர்கள் அறிய வேண்டும். 2012இல் பிரிட்டனில் வெளியான அந்த ஆய்வில், மனச்சோர்வோடு பொது மருத்துவர்களிடம் வந்த 361 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, உடலியக்கத்தைக் கூட்டிக்கொள்ளும்படி ஊக்கப்படுத்தும் ஆலோசகர் ஒருவரும் அமர்த்தப்பட்டார். அவர்கள் முன்பைவிட அதிகமாக இயங்கினார்கள் என்பது உண்மை. மனச்சோர்வு மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. இரண்டு ஆய்வுகளின் முடிவும் ஏன் வேறுபட்டது என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கலாம். நானாக எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: ஓரிடத்துக்கு வரவழைத்து, கூட நின்று நடக்க வைப்பது வேறு, "நடங்கள், நல்லது" என்று சொல்லிவிட்டுப் போவது வேறு. படுக்கையிலிருந்து எழவே முடியாதவனிடம் ஓடச் சொல்வது, காய்ச்சலில் கிடப்பவனிடம் முதலில் காய்ச்சலை விடு, பிறகு மருந்து தருகிறேன் என்பது போன்றது. எழ முடியாமைதான் அந்த நோயே.

உடற்பயிற்சி மனத்தை எப்படி மாற்றுகிறது என்று கேட்டால் பலரும் உடனே, வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்ஃபின் என்பார்கள். எங்கள் பி.டி. சாரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் இரத்தத்தில் ஊறும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் புகுவதில்லை. ஜெர்மனியில் ஓட்டப் பயிற்சி உள்ள 63 பேரை 45 நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், எண்டார்ஃபின் வேலை செய்யும் இடங்களை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோன் மருந்தைக் கொடுத்த பிறகும் ஓட்டத்தின் மகிழ்ச்சி குறையவில்லை. மாறாக, கஞ்சாவின் வேதிப்பொருள் செயல்படும் அதே வழியில் செயல்படுகிற, நம் உடலே சுரக்கும் எண்டோகன்னபினாய்டுகள் கூடியிருந்தன. இதோடு ஒழுங்கான தூக்கம், வெயில், நாளுக்கு ஒரு வேலையாவது முடிந்தது என்ற உணர்வு, நாலு பேர் முகத்தைப் பார்ப்பது ஆகியவையும் சேர்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம், நடப்பவருக்கு அது தேவையுமில்லை.

தேவையானது வேகத்தைப் பற்றிய ஓர் உண்மை. நான் முதன்முறை மைதானத்துக்குத் திரும்பிய நாளில், ஆட்டக்காரனாக இருந்தபோது ஓடிய அதே பத்துச் சுற்றை ஓடிவிடுவது என்று கிளம்பினேன். இரண்டாவது சுற்றின் வளைவில் மூச்சு நெஞ்சில் முட்டி, வாய் கசந்து, கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். கால் வலித்தது பெரிதல்ல. "இதுகூட முடியாதவனாகிவிட்டாயே" என்று மனம் சொன்னதுதான் வலித்தது. அதன்பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பயிற்சியின் வேகத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எக்கெகாகிஸ் என்பவரின் கட்டுரைகளைப் பிற்காலத்தில் படித்தபோதுதான் எனக்கு நேர்ந்தது பொதுவான ஒன்று என்று தெரிந்தது. மூச்சிரைக்கத் தொடங்கும் எல்லையைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு அந்த நேரத்தில் இன்பம் குறைந்து வேதனையே மிஞ்சுகிறது. வேதனையாக நினைவில் நிற்கும் ஒன்றை மனிதன் மறுநாள் தேடிப் போவதில்லை. மிதமான வேகத்துக்கு எளிய அளவுகோல் உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மனச்சோர்வில் இருப்பவருக்குத் தொடக்கத்தில் பாடிக்கொண்டே நடக்கும் வேகம்கூடப் போதும் என்பது என் எண்ணம்.

என்னை மறுபடி வெளியே கொண்டுவந்தது ஓர் எக்ஸ்எல் வண்டியின் ஹாரன். பழைய அணியில் என்னோடு ஆடிய நண்பர் ஒருவர், அறிவுரை எதுவும் சொல்லாமல், காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து இரண்டு முறை ஹாரன் அடிப்பார். நான் வராவிட்டால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவார், மறுநாள் அதைப் பற்றிக் கேட்கமாட்டார். முதல் வாரத்தில் நான்கு நாள் நான் போகவில்லை. போன நாள்களில் மைதானத்தைச் சுற்றாமல், தெருமுனை டீக்கடை வரை நடந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். அவ்வளவுதான் பயிற்சி. அப்போது நான் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எது என்னைத் தூக்கியது என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது.

மைதானத்துக்கு ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது, அது உங்கள் தம்பிக்கும் பொருந்தும். விளையாட்டு உளவியலின் தொடக்கம் என்று சொல்லப்படும் ஆய்வை 1898இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்ளெட் வெளியிட்டார். சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டும்போதைவிடக் கூட ஒருவர் ஓட்டும்போது வேகமாகப் போவதைக் கவனித்து, அதைச் சோதிக்க 40 குழந்தைகளிடம் தூண்டில் சுருளைக் கொடுத்துத் தனியாகவும் போட்டியாகவும் சுற்றச் சொன்னார். போட்டியில் 20 குழந்தைகளின் வேகம் கூடியது. இந்தப் பாதியைத்தான் பாடப்புத்தகங்கள் சொல்லும். மீதியில் 10 குழந்தைகள் போட்டியின் பரபரப்பில் தடுமாறி மெதுவாகிப் போனார்கள், 10 பேருக்குப் பெரிய வேறுபாடு இல்லை. பார்க்கிற கண்கள் சிலரை உந்தும், சிலரை முடக்கும். நலமாக இருந்தபோது உந்திய அதே கண்கள் நோயில் முடக்கவும் கூடும். "ரெய்டு போனால் இரண்டு பாயிண்ட் இல்லாமல் திரும்பமாட்டான்" என்று தம்பியைப் பற்றிப் பேசிய அதே ஆள்கள் உட்கார்ந்திருக்கும் களத்துக்கு அவரை இப்போது அழைத்துப் போவதை நான் விரும்பமாட்டேன். அவருக்கே போகத் தோன்றினால் அது வேறு.

ஆட்டக்காரர்களுக்கு மனம் உறுதியாக இருக்கும், அவர்களுக்கு இதெல்லாம் வராது என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ரா, தன் வாழ்வின் பெரிய மன நெருக்கடி தோல்வியில் அல்ல, அந்த வெற்றிக்குப் பிறகே வந்தது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நம் சென்னைக்காரர் குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றபோது, அவரோடு மனப்பயிற்சியாளர் பேடி அப்டன் பணியாற்றிவந்தார். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்தவரும் அவர்தான். மனத்துக்கு உதவி தேடுவதை அங்கே பலவீனம் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டத்தை விட்டவனுக்கு நேர்வது இன்னொன்று: ஊரில் அவன் பெயரே "கபடி ஆடுகிற பையன்" என்றிருந்தால், ஆட்டம் நின்ற நாளில் பெயரும் போய்விடுகிறது. எனக்கு ஜவ்வு ஆறிய பிறகும் ஆறாமல் இருந்தது அதுதான். இதை மருத்துவரிடம் தம்பி சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை சொல்லட்டும்.

"வயலிலும் வீட்டிலும் நாள் முழுதும் உழைக்கிறோமே, எங்களுக்கு என்ன நடைப்பயிற்சி" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலியக்கம் நல்ல மனநிலையோடு சேர்ந்து காணப்படும் அளவுக்கு, பிழைப்புக்காகச் செய்யும் உடலுழைப்பு காணப்படுவதில்லை. விருப்பம் என்பது இதில் அவ்வளவு முக்கியம். ஆகவே தம்பியைத் திட்டி எழுப்பி அனுப்பினால் அதுவும் ஒரு கூலி வேலையாகிவிடும்.

ஆகையால் நீங்கள் செய்யக்கூடியது, மருத்துவரிடம் உடற்பயிற்சி பற்றியும் கேட்டுவிட்டு, மாலையில் "கடை வரை போகிறேன், வருகிறாயா" என்று கூப்பிடுவது. வரவில்லை என்றால் தனியே போய்விட்டு வாருங்கள், முகம் சுளிக்காதீர்கள். நாளை மறுபடி கூப்பிடுங்கள். வந்தால் கபடியைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம், கைக்கடிகாரத்தில் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிக் காட்டவும் வேண்டாம். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் அவர் ஏதாவது சொன்னால் மட்டும் நடை, பொறுமை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். இரவு நேரமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸின் 14416 எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.