சீதனக் காணி இருக்கிறது, வங்கிக் கடன் கிடைக்கவில்லை: நுண்கடன் எடுக்கலாமா?

கொடிகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வீட்டில் மிளகாய்த்தூள் செய்து விற்கிறார், இப்போது கொழும்பிலிருந்தும் ஓடர் வருகிறது, அரைக்கும் மெஷின் வாங்க நாலு இலட்சம் வேண்டும். சீதனக் காணி அவர் பேரில்தான், ஆனாலும் அதை ஈடு வைக்க வங்கி கணவரின் கையெழுத்தைக் கேட்கிறது. கணவர் வெளிநாடு போனவர், மூன்று வருஷமாகத் தொடர்பே இல்லை. இதற்கிடையில் நுண்கடன் கம்பனிக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து, "24 வீதம்தான் அக்கா, பிணை வேண்டாம், ஐந்து பேர் குழுவாச் சேருங்கோ" என்கிறார்களாம். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள் தங்கச்சி.

அந்த 24 வீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு இலட்சத்துக்கு வருஷ வட்டி 24,000, கூட்டினால் 124,000, பன்னிரண்டாகப் பிரித்தால் மாசம் 10,333 ரூபா. கேட்கும்போது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு மாசம் கட்டி முடித்தபோது பாதி முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், உங்களிடம் இருக்கும் அவர்களின் காசு ஐம்பதாயிரம்தான், வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் போய்க்கொண்டே இருக்கும். மிஞ்சியிருக்கும் முதலுக்கு மட்டும் வட்டி என்ற வங்கிக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய 42 வீதம். தரும்போதே பத்திரச் செலவு, காப்புறுதி என்று 5,000 பிடித்துக்கொண்டு 95,000 கையில் தந்தால் 50ஐயும் தாண்டிவிடும்! மிஞ்சிய முதலுக்கு 15 வீதம் என்று ஒரு வங்கி தந்தால், அதே இலட்சத்துக்கு வருஷ வட்டி 8,300 ரூபா அளவில்தான் வரும். நாலு இலட்சத்துக்கு வித்தியாசம் அறுபதாயிரத்துக்கு மேல்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சம்பளப் பட்டியலும் பிணைக்கு இரண்டு அரசாங்க உத்தியோகத்தரும் உள்ளவருக்குக் காசு மலிவாகக் கிடைக்கிறது, அவரைவிட நல்லாத் தொழில் செய்கிற உங்களுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை. அப்படி வாங்கிய காசில் மெஷின் எவ்வளவு ஓடினாலும் இலாபம் வட்டிக்கே போய்விடும், அடுத்த மெஷினுக்கு மிஞ்சாது. 1976இல் வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் நுண்கடனைத் தொடங்கியது பிணை வைக்க ஒன்றுமில்லாத ஏழைகளை வட்டிக்காரரிடமிருந்து மீட்கத்தான். பின்னால் இலாபத்துக்கு நடத்தும் கம்பனிகள், குழுவில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் அவருடைய முறையை எடுத்துக்கொண்டன. 2010இல் ஆந்திராவில் அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தக் கம்பனிகளைத் தடுக்கும் நிலை வந்தது, இங்கே இலங்கையிலும் 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்ற நாலு பேரும் அவள் வீட்டு முற்றத்தில் போய் நிற்க வேண்டும். அயலுக்குள் அந்தப் பகை கடன் முடிந்தாலும் முடியாது.

சரி, காணிக்கு வருவோம். வங்கி சும்மா கேட்கவில்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம், இன்னும் நம்மை ஆள்கிறது, அதோடு சேர்ந்த 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமான பெண் தன் சொந்தக் காணியையே கணவரின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. நகைக்கு அந்தத் தடை இல்லை. இது இன்றைக்கும் இருப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், கணவர் காணாமல் போன, விட்டுப் போன எத்தனை பெண்கள் இந்த ஒரு கையெழுத்தால் நிற்கிறார்கள்! ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது: கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்ற அனுமதி பெறலாம்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்று விட்டுவிடாதீர்கள், யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. அனுமதி வரக் காலம் எடுக்கும். அதுவரை தூளைக் கூலிக்கு அரைப்பியுங்கள், அவசரத்துக்கு ஒரு சங்கிலியை வங்கியில் அடைவு வையுங்கள், ஓடர்களை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள், காசைக் கணக்கு வழியாகவே வாங்குங்கள். ஆறு மாசக் கணக்கு கையில் இருந்தால் வங்கி முகாமையாளர் உங்களோடு பேசும் விதமே வேறாக இருக்கும். அப்புறம் இந்தக் கிழமையே விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) போய், கணவர் எந்த வருஷத்திலிருந்து வீட்டில் இல்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள். காணி உறுதி, விவாகப் பதிவு, அவர் கடைசியாகக் காசு அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் அதோடு ஒரே உறையில் போட்டு அந்தச் சட்ட உதவி அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள்.