விமானம் தரையிறங்கியதும் முந்திக்கொண்டு இறங்கலாமா?

சென்னையிலிருந்து டர்பன் திரும்பும்போது ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் மாற வேண்டும், பின்வரிசையில் இருந்தால் முந்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்வரிசைக்காரர்கள் முதலில் இறங்குவதுதான் வழக்கம். சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை எழவே கூடாது. நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியிலும் விமானம் சட்டென்று பிரேக் போடலாம்.

நேரம் நெருக்கடி என்றால் தரையிறங்கும் முன்பே பணியாளரிடம் சொல்லுங்கள், முன்னால் காலி இருக்கை இருந்தால் மாற்றிக்கொடுக்கக்கூடும். மற்றபடி முட்டிமோதி லாபமில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் ஆளாக இறங்கினாலும் பெட்டி வரும்வரை நிற்கத்தான் வேண்டும். அப்புறம், மேல் தட்டைத் திறக்கும்போது முறுக்கு டப்பா அடுத்தவர் தலையில் விழாமல் பாருங்கள். சக்கர நாற்காலி கேட்ட பாட்டியோடு வந்தால் பெரும்பாலும் கடைசியில்தான் இறக்குவார்கள். இணைப்பு விமானத்துக்கு இடைவெளியைக் கூடுதலாக வைத்து டிக்கெட் எடுங்கள்.