எந்தத் துளையை எவ்வளவு மூடுவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்னிமலையில் போர்வைகளுக்கு ஜக்கார்டு டிசைன் போடுவது என் தொழில். கிராஃப் தாளில் நான் வைக்கும் புள்ளி அட்டையில் ஒரு துளையாகிறது. அந்தத் துளை தறியில் பாவு நூலைத் தூக்குகிறது. இசையையும் இப்படி எழுதிவிடலாம் என்று நினைத்து, ஒரு தோடி ராக ஆலாபனையில் அரை நிமிடத்தைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு ஸ்வரத்தின் உயரத்தையும் சென்ட் (ஸ்தாயியில் 1200-இல் ஒரு பங்கு) கணக்கில் குறித்து, நாகஸ்வரம் படிக்கும் என் அக்கா மகனிடம் கொடுத்தேன். சுருதியை எண்ணால் காட்டும் டியூனர் செயலியை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பழகி, எண்களை ஏறக்குறையச் சரியாகவே பிடித்துவிட்டான். தோடி மட்டும் வரவில்லை. மேல்நாட்டுக் கால் ஸ்வரக் குறிகளை எடுத்துக்கொள்ளலாமா? அல்லது ஸ்தாயியை 22 நுண்ணிய பங்குகளாகப் பிரிக்கும் நம் பழைய 22 சுருதிக் கணக்கில் எழுதினால் போதுமா? நான் செய்த தாளையும் இணைத்திருக்கிறேன்.

வெ., சென்னிமலை

அன்புள்ள வெ. அவர்களுக்கு,

உங்கள் தாளை அச்செடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காந்தாரம் வரும் இடங்களில் எல்லாம் 310, 305, 318 என்று எண்கள் இருக்கின்றன. ஒரு ஸ்தாயியை 1200 சென்டுகளாகப் பிரித்தால் சாதாரண காந்தாரம் 300-ஐ ஒட்டி நிற்க வேண்டும் என்பதால், எண்ணில் பிழை இருப்பதாகத் தோன்றாது. ஆனால் தோடியின் காந்தாரம் பெரும்பாலான பிடிகளில் நிற்பதே இல்லை. கீழே ரிஷபத்தின் பக்கம் இறங்குவதும் மேலே மத்யமத்தின் பக்கம் ஏறுவதுமாக அது அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவைத்தான் நம் காது காந்தாரம் என்று கேட்கிறது. மென்பொருள் அந்த அசைவுக்குச் சராசரி எடுத்து உங்களுக்கு ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. தூரி ஆடுகிற பிள்ளை சராசரியாக மரத்தடியில் நிற்கிறது என்று சொன்னால் எப்படியோ, அப்படி. உங்கள் அக்கா மகன் அந்தச் சராசரியில் அசையாமல் நின்று வாசித்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; தாள் சொன்னதைத்தான் செய்திருக்கிறான்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாகஸ்வரத்துக்கென்று ஒரு சிறிய உருப்படி எழுதி, ஸ்வரங்களின் தலையில் மேல் அம்பும் கீழ் அம்பும் போட்டு, அம்பின் பக்கத்தில் 22, 31 என்று சென்டும் எழுதி, காங்கேயம் பக்கத்து வித்வான் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். வெகுநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எல்லாம் சரிதானுங்க, எந்தத் தொளைய எவ்வளவு மூடோணும்னு இதுல ஒண்ணுமே இல்லீங்களே?" அன்று எனக்கு அது படிக்கத் தெரியாதவரின் கேள்வியாகப் பட்டது. வீட்டுக்கு வந்தபிறகுதான் அதன் நியாயம் உறைத்தது. நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு; அவற்றைப் பாதி மூடுவதாலும், மூச்சின் அழுத்தத்தாலும், ஊதும் முனையில் இருக்கும் சீவாளியை உதடு கவ்வும் விதத்தாலும்தான் நுண்மையான ஸ்வரங்கள் எல்லாம் பிறக்கின்றன. நான் எழுதியிருந்தது ஒலி போய்ச் சேர வேண்டிய உயரத்தை மட்டுமே. விரலுக்கும் மூச்சுக்கும் அந்தத் தாளில் ஒரு சொல் கூட இல்லை.

1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இந்த இடத்தில் நமக்குப் பெரிய உதவி. தெலுங்கு எழுத்தில் அச்சான அந்த நூலில் ஸ்வரங்களோடு சேர்த்து, ஸ்வரத்தை அசைக்கும் முறைகளான கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஒரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்ற பெயர்களைப் பாருங்கள். பல பெயர்கள் தமிழ்க் காதுக்குப் பழகியவை, வீணை வாசிப்பவர்கள் கையாண்டவை. ஒதுக்கல் என்றால், ஒரு மெட்டில் விரல் வைத்து மீட்டித் தந்தியை இழுத்து, அந்த மெட்டுக்கு உரியதற்கு மேலான ஸ்வரத்தை வரவழைப்பது. ஒரிகை என்றால், ஒரு ஸ்வரத்தின் கடைசியில் மேல் ஸ்வரத்தைக் கணப்பொழுது தொட்டுவிட்டு அடுத்ததற்கு இறங்குவது. எத்தனை சென்ட் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. கைக்கு என்ன வேலை என்று சொன்னார். எவ்வளவு என்பதை ராகம் தெரிந்தவனின் காதிடம் விட்டுவிட்டார். அவருடைய குறிகளை வைத்துக்கொண்டு இன்றும் வைணிகர்களால் அந்த உருப்படிகளை மீட்டெடுக்க முடிகிறது என்றால் இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

மேல்நாட்டுக் குறிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கால் ஸ்வரம் என்பது ஸ்தாயியை 24 சமபங்காக்கி, ஒரு பங்குக்கு 50 சென்ட் என்று வைப்பது. ஒற்றைக் கோடுள்ள ஷார்ப், இடவலமாகத் திருப்பிப் போட்ட ஃபிளாட் போன்ற அதன் குறிகள் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்கும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தவை. தோடிக்கு அவை உதவா. ஆயினும் அங்குள்ளவர்களும் நம்முடைய சிக்கலிலேயே மாட்டி, வெவ்வேறு வழிகளில் வெளியே வந்திருக்கிறார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் 1923-24-இல் இரண்டு பியானோக்களுக்கு மூன்று கால் ஸ்வர உருப்படிகள் எழுதினார். ஒரு பியானோவை மற்றதிலிருந்து கால் ஸ்வரம் தள்ளிச் சுருதி கூட்டிவிட்டால், இரு கலைஞர்களும் தங்களுக்குப் பழகிய கட்டைகளையே அழுத்துகிறார்கள். நுண்மையெல்லாம் சுருதி கூட்டியவரோடு முடிந்துவிடுகிறது. ஸ்தாயியில் 43 ஸ்வரம் வைத்த இன்னோர் அமெரிக்கர் ஹாரி பார்ட்ச், தம் ஸ்வரங்களுக்கேற்பச் சுருதி மாற்றிய ஆர்மோனிய வகை வாத்தியத்துக்கு எழுதும்போது, கேட்கப்போகும் ஒலியை விட்டுவிட்டு அழுத்த வேண்டிய கட்டையையே தாளில் குறித்தார். காங்கேயத்து வித்வான் பார்ட்ச்சைப் பார்த்திருந்தால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமாகப் போனவர் அமெரிக்க இசையமைப்பாளர் பென் ஜான்ஸ்டன். ஒலிகளுக்கு இடையே உள்ள விகிதங்களைக் கூட்டல், கழித்தல், 7, தலைகீழ் 7 என்ற குறிகளால் துல்லியமாக எழுதினார். நான்கு தந்தி வாத்தியங்களுக்காக 1984-இல் அவர் எழுதிய ஏழாம் நால்வர் உருப்படியின் ஒலிப்பதிவு 2016-இல்தான் வெளிவந்தது. அவ்வளவு கடினம். ஆனால் அவர் எழுதியதைச் சென்ட் பட்டியலோடு சேர்த்துவிடக் கூடாது. சென்ட் டியூனரைப் பார்க்கச் சொல்கிறது. விகிதமோ பக்கத்தில் ஒலிக்கும் எந்த ஸ்வரத்தோடு பொருத்திக் கேட்க வேண்டும் என்று சொல்கிறது. பொருந்தாதபோது இரண்டு ஒலிகளுக்கு நடுவே ஓர் அலைவு கேட்கும். அது அடங்கும் இடம்தான் சரியான இடம். நம்மிடமும் இது உண்டு. தம்பூராவை நன்றாகச் சுருதி சேர்த்து மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டினால், யாரும் வாசிக்காத ஒரு காந்தாரம் தானாக எழும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். கணக்கில் அது சுமார் 386 சென்ட், ஆர்மோனியக் கட்டையின் 400-ஐ விட 14 குறைவு. வேறு ராகங்களில் வரும் உயர்ந்த காந்தாரமான அந்தரகாந்தாரத்தில் அசையாமல் நிற்கும் நீண்ட கார்வை வரும் இடத்தில் 386 என்று எழுதினால் பையன் கைபேசியைப் பார்ப்பான். "தம்பூரா காந்தாரம்" என்று எழுதுங்கள், தம்பூராவைக் கேட்பான்.

22-ஐப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதில் இறங்கியவர்கள் கரையேறுவது அரிது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் தரும் உரையில், ஏழு ஸ்வரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களைச் சொல்லி, குரலுக்கும் துத்தத்துக்கும் நான்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்துக்கு இரண்டு என்று வரும் கணக்கு கூட்டினால் 22. அவரை நிரம்பையில் பிறந்த கொங்கு நாட்டவராகவே நம் கொங்கு மண்டல சதகம் கொண்டாடுவதால், உங்களைப் போலவே எனக்கும் அந்த எண்ணின்மேல் ஊர்ப்பாசம் உண்டு. இசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் அது 24 என்று வாதிட்டார். எது சரியாக இருந்தாலும், இவை ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்லும் அளவுகள். நரம்பு கட்டும்போது பயன்படும். ஓடிக்கொண்டிருக்கும் காந்தாரத்தை எழுத 22 வீடுகள் இருந்தால் என்ன, 53 இருந்தால் என்ன?

உங்கள் தறி உவமைக்கு வருகிறேன். அட்டையில் துளை இருந்தால் கொக்கி தூக்கும். அதற்கு முன் எத்தனை போர்வை நெய்தது என்பது தறிக்கு நினைவில்லை. உங்கள் அக்கா மகனுக்கோ அவன் குருநாதர் சொல்லிக்கொடுத்த தோடி வர்ணம் விரலில் இருக்கிறது. உங்கள் தாள் அதைக் கூப்பிடவே இல்லை. அரை நிமிடத்தை ஒதுக்கிவிட்டு எட்டு அட்சரம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரியில் அவனுக்குப் பழகிய ஸ்வர எழுத்தும், கார்வைக்குக் காற்புள்ளி அரைப்புள்ளியும் இருக்கட்டும். கீழ் வரியில் அசைவு எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்கு, எத்தனை முறை, எங்கே நிற்கிறது என்பதை எழுதுங்கள். உங்கள் கணினி வரைபடம் இதற்கு மிக நன்றாக உதவும். சராசரியை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். மூன்றாவது வரியைக் காலியாக விட்டு, ஒரு பென்சிலையும் கொடுத்து அவனிடம் ஒரு வாரம் விடுங்கள். அரைத்துளைக்கு அவன் பிறைபோல ஏதாவது போடுவான், மூச்சுக்கு ஏதாவது கோடு இழுப்பான். அடுத்த முறை எனக்குத் தாளை அனுப்பும்போது, சுத்தமாகப் படியெடுக்காமல், அந்தக் கிறுக்கலோடு அப்படியே அனுப்புங்கள்.