ஆயித்தியமலைக்கு நடந்து போயும் செபம் வரவில்லை என்றால்

அம்மா இறந்த பிறகு மட்டக்களப்பு ஆயித்தியமலையில் உள்ள சதா சகாய மாதா திருத்தலத்துக்கு நடந்து போயும் செபம் வாயில் வரவில்லை என்கிறீர்கள். உங்கள் விசுவாசம் எங்கேயும் போய்விடவில்லை.

ஆறுதல் வசனங்களையே தேடித் தேடி வாசிப்பதால் மனம் ஒட்டாமல் இருக்கலாம். துக்கத்துக்கு முதலில் அழ வேண்டும்.

இன்று இரவு விவிலியத்தில் திருப்பாடல் 13-ஐச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஆறே வசனம். "எத்தனை நாள்?" என்று கடவுளிடமே முறையிட்டுத் தொடங்கும், நம்பிக்கை கடைசியில்தான் வரும். முறைப்பாட்டோடு நிறுத்தினாலும் அது செபம்தான். அப்பா இறந்த வருடம் நான் இரண்டாம் வசனத்தைத் தாண்டவே இல்லை. செபமாலை விரல்களில் சும்மா சுற்றிக் கிடந்தது.

அப்புறம், வாரக்கணக்காக நித்திரையும் சாப்பாடும் இல்லையென்றால் வைத்தியரிடமும் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.