1946க்கு 1947இல்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ படத்தை மறுபடி பார்த்தேன். 2000இல் அது வெளிவந்தபோது எனக்குக் கல்யாணமான புதிது. பாதியில் எழுந்து வந்துவிட்டோம். இந்த முறை முழுதாகப் பார்த்தேன்.

கல்கத்தாவில் மனைவியைப் பறிகொடுத்த சாகேத் ராம் துப்பாக்கியோடு தெருவில் இறங்கும்போது உடம்பில் ஒரு வேகம் ஏறுகிறது. காந்தி வரும் காட்சிகளில் அது இல்லை. காந்தியைக் கொல்லக் கிளம்பியவன் மனம் மாறுவதும் நம்பும்படி இல்லை. நண்பன் அம்ஜத் செத்ததால் மாறினான் என்றால் அதில் காந்திக்கு என்ன வேலை? சொந்த வீட்டிலேயே மனைவியைப் பறிகொடுத்தவனிடம் அகிம்சை பேச யாருக்கு யோக்கியதை இருக்கிறது? கொலை நடந்த கையோடு காந்தி அவனைச் சந்தித்திருந்தால் என்னதான் சொல்லியிருப்பார்?

கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குப் படத்தைக் காட்ட நினைத்திருந்தேன். இப்போது தயக்கமாக இருக்கிறது. பழிவாங்குவதைத்தான் அவன் கற்றுக்கொள்வானோ என்று பயப்படுகிறேன்.

கு.

அன்புள்ள கு.,

உங்களுக்கு ஏறிய வேகம் எனக்கும் ஏறியது. படம் வந்த முதல் வாரம் எங்கள் ஊர்த் தியேட்டரில் பார்த்தேன். பாதி நாற்காலி காலி. இந்தி, வங்காளம், ஆங்கிலம் என்று மாறி மாறிப் பேசியதில் பொறுமை போய், பின்வரிசையில் ஒருவர் “தமிழ்ப் படம்னுதானேய்யா டிக்கெட் குடுத்தீங்க” என்று கத்தினார். எல்லாரும் சிரித்தோம். ராமின் மனைவி அபர்ணாவைக் கொன்ற கும்பலில் ஒருவனான தையல்காரன் அல்தாஃபை அவன் கொல்லும் இடத்தில் அதே மனிதர் கை தட்டினார். நான் தட்டவில்லை. ஆனால் நாற்காலிப் பிடியை அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த என் கை அப்போதுதான் தளர்ந்தது. ஓர் ஆள் செத்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

படம் அங்கேயே நின்றிருந்தால் உங்கள் குற்றச்சாட்டை அப்படியே ஒப்புக்கொள்வேன். நிற்கவில்லையே. அல்தாஃபோடு கணக்கு தீர்ந்திருக்க வேண்டும். ராமின் கை ஓயவில்லை. அப்புறம் காந்தியைக் கொல்லத் துடிக்கும் இந்துத்துவத் தீவிரவாதி ஸ்ரீராம் அப்யங்கர் வந்து அவன் கோபத்துக்குப் புது விலாசம் எழுதிக் கொடுக்கிறார். அபர்ணாவின் வீட்டுக்குள் நுழைந்த கும்பலுக்கும் காந்திக்கும் என்ன சம்பந்தம்? இருந்தும் கடைசியில் துப்பாக்கி டெல்லிக்குத்தான் போகிறது. கல்கத்தாவில் ஒரு வீட்டில் பட்ட கடனை வேறு ஊரில், வேறு ஆளிடம் வசூலிக்கக் கிளம்புகிறான்.

வரலாற்றிலும் கடன் இப்படித்தான் கைமாறியது. 1946 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் தொடங்கிய கொலைகளில் சில நாட்களில் ஏறத்தாழ 4,000 பேர் செத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அக்டோபரில் கிழக்கு வங்காளத்தின் நவகாளியில் இந்துக்கள். அந்த மாதம் முடிவதற்குள் நவகாளியின் பெயரைச் சொல்லிப் பீகாரில் முஸ்லிம்கள். பீகாரில் செத்த விவசாயி நவகாளியை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

காந்தி என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கிறீர்கள். அவர் சாகேத் ராம்களைச் சந்தித்தார். ஒருவரை அல்ல, ஒரு கூட்டத்தையே. 1947 ஆகஸ்ட் 13. கல்கத்தாவின் பெலியகட்டா பகுதியில் ஹைதரி மன்சில் என்ற பழைய வீட்டில் தங்க வருகிறார். முந்தைய வருடம் வங்காளத்தின் முதன்மை அமைச்சராக இருந்த, கொலைகளுக்குப் பொறுப்பானவர் என்று இந்துக்கள் கொதித்துக்கொண்டிருந்த சுஹ்ராவர்தியும் அவரோடு அதே கூரையின் கீழ் தங்குவதாக ஏற்பாடு. வாசலில் இந்து இளைஞர்கள் கூடிவிட்டார்கள். கல் விழுகிறது. போன வருடம் நாங்கள் வெட்டுப்பட்டபோது நீங்கள் வரவில்லை, இப்போது முஸ்லிம்களுக்கு ஒன்று என்றதும் ஓடி வந்திருக்கிறீர்கள், போய்விடுங்கள் என்கிறார்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

அவர்களிடம் அவர் அகிம்சைப் பாடம் நடத்தவில்லை. போன வருடம் முஸ்லிம்கள் செய்தது முழுத் தவறு என்று முதலில் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு, 1946க்கு 1947இல் பழிவாங்கி என்ன பயன் என்று கேட்டார். அவ்வளவுதான். நீண்ட வாக்குவாதம், மறுநாளும் தொடர்ந்தது. முடிவில் அதே இளைஞர்களில் சிலர் அந்த வீட்டுக்குக் காவல் நிற்க முன்வந்தார்கள்.

சுஹ்ராவர்தியையும் கூட்டம் விடவில்லை. போன வருடக் கொலைகளுக்கு நீதானே பொறுப்பு என்றது. எல்லாருமே பொறுப்பு என்று அவர் நழுவப் பார்த்தார். கேட்டதற்குப் பதில் சொல் என்று மறுபடி கத்தினார்கள். ஆமாம், என் பொறுப்புதான் என்றார். காந்தி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கேள்வி சரியான ஆளைத் தேடி வந்தது அந்த வருடத்தில் அநேகமாக அந்த ஒரு முறைதான்.

ஆனால் ஆகஸ்ட் 31 இரவு எல்லாம் உடைந்தது. கும்பல் உள்ளே புகுந்து ஜன்னல்களை நொறுக்கியது. காந்தியை நோக்கிச் செங்கல் பறந்தது. மறுநாள் நகரமெங்கும் மறுபடி கொலை. அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். இங்கேதான் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். ராஜாஜி அப்போது மேற்கு வங்க ஆளுநர். ஓடி வந்து தடுக்கப் பார்த்தார். குண்டர்களை எதிர்த்து உண்ணாவிரதம் இருக்க முடியுமா என்று கேட்டார். வக்கீல் கேள்வி, சரியான கேள்வி. குண்டர்களை உண்டாக்குவதே நாம்தான், நம் அனுதாபம் இல்லாவிட்டால் அவர்களுக்கு நிற்கக் கால் இல்லை, அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்களின் மனதைத்தான் தொட நினைக்கிறேன் என்றார் காந்தி. (தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்வதாக அறிக்கையில் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் கடவுளிடம் விட்ட பிறகு எலுமிச்சை எதற்கு என்று ராஜாஜி கேட்க, அந்த வரியை அடித்துவிட்டார். தடுக்க வந்தவர் செய்கிற வேலையா இது? ராஜாஜிக்கே உரிய குசும்பு.)

73 மணி நேரத்தில், செப்டம்பர் 4 அன்று, நகரம் அடங்கியது. ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அது சும்மா அடங்கவில்லை. சசீந்திரநாத் மித்ரா, ஸ்மிருதீஷ் பானர்ஜி என்ற இருவர் கலவரத்தைத் தடுக்க இறங்கி அந்த நாட்களில் உயிரைக் கொடுத்தார்கள்.

ராஜாஜிக்குச் சொன்ன பதிலைப் படித்தபோதுதான் எனக்கு அந்தத் தியேட்டர் நினைவுக்கு வந்தது. பின்வரிசைக்காரரின் கைதட்டல், என் கை தளர்ந்தது. காந்தியின் அந்த உண்ணாவிரதம் சாகேத் ராமுக்காக இருந்தது அல்ல. அவனுக்குச் சொல்ல அவரிடம் பெரிதாக எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். எங்களைப் பார்த்துத்தான் அவர் பட்டினி கிடந்தார். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, வேறு யாரோ கொல்லும்போது நிம்மதி அடைகிறவர்களை.

அம்ஜத் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ராம் கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறான் என்று பாருங்கள். கல்கத்தாவில் கும்பல் வெளியே, அவனும் அபர்ணாவும் உள்ளே. பிறகு அவனே வெளியே இருப்பவனாகிறான். டெல்லி சோடா ஃபேக்டரியில் ஒளிந்திருக்கும் முஸ்லிம்களோடு மறுபடி உள்ளே மாட்டிக்கொள்கிறான். வெளியே வேட்டைக்கு நிற்பது அவனுடைய ஆட்கள். அபர்ணா நின்ற இடத்தில் இப்போது அம்ஜத்தின் குடும்பம் நிற்கிறது. இதற்கு மேல் வசனம் எதற்கு? சாகும்போது அம்ஜத் போலீஸிடம் நண்பனைக் காட்டிக் கொடுப்பதில்லை. அந்த இடத்தில் காந்தி திரையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நீங்கள் கேட்காத ஒரு குறையை நானே சொல்கிறேன். சாகேத் ராம் வசதியானவன். ஊர் திரும்ப வழி இருக்கிறது, தமிழ்நாட்டில் சொந்தபந்தம் இருக்கிறது, இரண்டாம் கல்யாணம்கூட நடக்கிறது. 1948 ஜனவரி 20 அன்று டெல்லியில் காந்தி தங்கியிருந்த பிர்லா மாளிகையின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வைத்த மதன்லால் பஹ்வா அப்படியல்ல. மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாம் இழந்து வந்த அகதி. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜனவரி 13 அன்று, காந்தி டெல்லியில் உண்ணாவிரதம் தொடங்கியிருந்தார். அகதிகள் புகுந்திருந்த மசூதிகளைக் காலி செய்து முஸ்லிம்களிடம் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. டெல்லியின் ஜனவரிக் குளிரில் குழந்தைகளோடு மசூதியில் படுத்திருந்தவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பிர்லா மாளிகை வாசலில் ரத்தத்துக்கு ரத்தம் வேண்டும், காந்தி சாகட்டும் என்று கத்தினார்கள். காரில் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரு குதித்து இறங்கி, முதலில் என்னைக் கொல்லுங்கள் என்று பாய்ந்தார்.

காந்தி கேட்டது நியாயம். அந்த அகதியின் கோபமும் நியாயம். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை முடியவில்லை. மதன்லாலை யாரும் வெறுக்க வேண்டாம் என்று மறுநாளே காந்தி கேட்டுக்கொண்டார். அவருக்கு முடிந்திருக்கிறது. படம் மதன்லாலைப் போன்ற ஒருவனைக் கதாநாயகனாக வைத்திருந்தால் இன்னும் கடினமான படமாக இருந்திருக்கும். ஓடியிருக்காது என்பது வேறு விஷயம். இதுவே ஓடவில்லை.

மகனுக்குக் காட்டுங்கள். தனியாக விடாமல் பக்கத்தில் உட்காருங்கள். கல்கத்தா பகுதியைப் பார்க்கப் பெரியவர்களுக்கே மனம் வேண்டும், அதை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அல்தாஃப் சாகிற இடம் வரும்போது நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவன் கையைப் பாருங்கள். படம் முடிந்ததும் என் நாற்காலிப் பிடிக் கதையை அவனிடம் சொல்லுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.