கீசர் ஏன் நடுக்குளியலில் கைவிடுகிறது?

கேள்வி: எங்கள் மாடி பாத்ரூமில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் இருக்கிறது. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. போர் தண்ணீர்தான். ஷவரைத் திறந்தால் முதலில் நல்ல சூடு, தலைக்குச் சோப்பு போடுவதற்குள் பச்சைத் தண்ணீர், அப்புறம் மறுபடி சூடு. வேகமும் குறைந்து இப்போது நூல் நூலாக விழுகிறது. மெக்கானிக் 'காயில் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க' என்கிறார். மாமனார் பிரஷர் பம்ப் வைத்தால் சரியாகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம் அம்மா. எதற்கெடுத்தாலும் 'காயில் போயிடுச்சு' என்பது எங்கள் தொழிலில் ஒரு வியாதி. காயில் என்பது தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருள். போன காயில் போனதுதான். திரும்பி வந்து சூடு தராது. உங்களுக்கு மறுபடி சூடு வருகிறதே, காயில் உயிரோடுதான் இருக்கிறது.

சூடு குறைந்தது, வேகம் குறைந்தது என்று இரண்டு கோளாறாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் கோளாறு ஒன்றுதான், அது வேகத்தில் இருக்கிறது. இந்த வகை கீசர் பெரும்பாலும் 3000 வாட்ஸ். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் தண்ணீரை ஏறக்குறைய 21 டிகிரி ஏற்றும். 3 லிட்டர் ஓடினால் 14 டிகிரி. ஆக, தண்ணீர் மெதுவாக வந்தால் சூடு கூடும். ரொம்ப மெதுவானால் உள்ளே தண்ணீர் கொதிநிலைக்குப் போகப் பார்க்கும். அதற்குள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கரண்ட்டை வெட்டிவிடும். அந்த நேரம்தான் உங்களுக்குப் பச்சைத் தண்ணீர். ஆறியதும் திரும்பச் சேரும், திரும்பச் சூடு. சோப்பு நுரையோடு நீங்கள் நிற்பது இதனால்தான்.

இதை உறுதிசெய்ய ஒரு வழி: தண்ணீர் குளிர்ந்த நிமிடமே கீசரின் விளக்கைப் பாருங்கள். பவர் விளக்கு எரிந்து, சூடாக்கும் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டுமே அணைந்திருந்தால் சங்கதி வேறு; பிளக்கில் லூஸ் கான்டாக்ட் இருக்கலாம். 13 ஆம்பியர் இழுக்கும் சாமான் இது. குளித்து முடித்து, உடம்பையும் கையையும் துடைத்துவிட்டு சுவிட்சை அணைத்து, பிளக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, சாக்கெட் ஓட்டை பழுப்பாகியிருந்தாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்றச் சொல்லுங்கள். அதுவரை கீசரைப் போடாதீர்கள்.

சரி, வேகம் எங்கே போயிற்று? வாஷ்பேசின் குழாயைத் திறங்கள். அங்கேயும் சொட்டினால், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வைப் பாருங்கள். தொட்டி கழுவ வந்தவர் பாதி மூடிவிட்டுப் போயிருப்பார். பேசினில் நன்றாக வருகிறதென்றால், ஷவர் வேண்டாம், கீழே பக்கெட்டுக்கு விடும் குழாயில் வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறங்கள். மிக்ஸரில் பச்சைத் தண்ணீரை முழுக்க மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது புகுந்து கணக்கைக் கெடுக்கும். பக்கெட்டில் நன்றாக விழுந்தால் குற்றவாளி ஷவர் தலை. அங்கேயும் மெலிந்தால் கீசருக்குப் போகும் வழியில் அடைப்பு.

நான் பந்தயம் கட்டுவது ஷவர் தலையின் மேல்தான். மேடவாக்கம் பக்கத்து போர் தண்ணீரில் மூன்று வருடம் என்பது ஷவருக்கு முதுமை. உப்புத் தண்ணீர் சூடானால் அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். ஷவரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு துளையிலும் சின்ன வெள்ளைப் பரு மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே வலை வைத்த வாஷரில் மணல், பிவிசி குழாய் அறுத்த துருவல், அதைச் சுற்றி பிளம்பர் விட்டுப்போன டெஃப்லான் டேப்பின் வெள்ளை இழை. இந்த இழை ஒன்று போதும், பாதித் தண்ணீரை நிறுத்திவிடும். வாஷரைக் கழுவி, ஷவர் தலையை வினிகரிலோ மளிகைக் கடை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரிலோ ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் கிட்டேயே வரக்கூடாது, முலாம் உரிந்துவிடும்.

கீசர் பக்கம் அடைப்பென்றால் அது உங்கள் வேலை இல்லை. மெயினை அணைத்து மெக்கானிக்கிடம் விடுங்கள். உள்ளே போகும் ஹோஸ், ஆங்கிள் காக், ஒருவழி வால்வு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடாகும்போது உள்ளே கொரகொரவென்று சத்தம் வந்தால் காயில் மீதும் உப்பு ஏறியிருக்கிறது. கழற்ற முடிகிற மாடலானால் சுத்தம் செய்து திரும்பப் போடலாம். மாட்டியபின் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டால், அப்போதுதான் காயில் நிஜமாகவே போகும்.

மாமனார் சொல்லும் பம்ப்? பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மாடி பாத்ரூமுக்கு 2 மீட்டர் கிடைத்தால் அதிகம், அதாவது 0.2 கிலோ. கீழ்வீட்டு ஷவர் எப்போதும் ஜோராக இருப்பது அதனால்தான். ஆனால் பம்ப் வைத்து நிமிடத்துக்கு 6 லிட்டர் தள்ளினால், அதே 3000 வாட்ஸ் 7 டிகிரிதான் ஏற்றும். மழை மாதிரி கொட்டும், மார்கழியில் நடுங்கிக்கொண்டே குளிக்கலாம்.

கடைசியாக ஒன்று: தண்ணீரில் லேசாக 'சுர்'ரென்று ஷாக் அடிப்பதுபோல் இருந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். மெயினை அணைத்து, எர்த்தும், கரண்ட் கசிந்தால் தானே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் குளியல்.

கேள்வி: மதுரையில் தங்கை வீட்டில் கொதிக்கிற அதே மாடல் இன்ஸ்டன்ட் கீசர், எங்கள் வீட்டில் வெதுவெதுப்புக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. புது கீசர், அடைப்பும் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள். மதுரையில் தண்ணீர் குழாயிலேயே 25, 26 டிகிரியில் வரும். உங்கள் ஊர்க் குளிரில் 12 டிகிரி என்று வையுங்கள்; மேலே சொன்ன 21 டிகிரி ஏற்றினாலும் 33, உடம்புச் சூடுகூட இல்லை. வோல்டேஜையும் பாருங்கள். 230 இருக்க வேண்டியது 180-க்கு இறங்கினால் 3000 வாட்ஸ் காயில் 1840 வாட்ஸ்தான் தரும். மலையூருக்கு 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர்தான் சரி. 15 லிட்டரை 2000 வாட்ஸில் சூடாக்க இருபது நிமிடம் போல ஆகும், காபி போடும்போதே சுவிட்சைப் போட்டுவிடுங்கள். இப்போது இருப்பதைச் சமையலறை சிங்க்குக்கு மாற்றுங்கள். பாத்திரம் கழுவ அது தாராளம்.